அவரைப் போல ஆள் வருமா?

உங்கள் குடியிருப்பில் ஏதாவது பழுதானால் முதலில் யாரிடம் போவீர்கள்? இந்தக் கேள்வியைச் சில மாதங்களாக நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டு வருகிறேன். பெரும்பாலோர் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். "அதான் கீழ் மாடியில அங்கிள் இருக்காரே, அவர்கிட்ட சொன்னா போதும்" என்கிறார்கள். சரி, அந்த அங்கிளுக்கு அடுத்து யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. "அவரைப் போல ஆள் வருமா?" என்று சிரித்துச் சமாளிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேச நினைக்கிறேன். நம் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் நல்ல தலைவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தலைவர்கள் இருக்கிறார்களா?

சாவி ஒருவர் பையில்

நான் முன்பு குடியிருந்த தாமானில், முறையாகப் பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கம் ஒன்று இருந்தது. தலைவர் பணி ஓய்வு பெற்றவர். பதினோர் ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். தெருவிளக்கு எரியவில்லையா, கால்வாய் அடைத்துக்கொண்டதா, குப்பை லோரி வரவில்லையா, எல்லாவற்றுக்கும் அவர்தான். நகராண்மைக் கழகத்தில் எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மண்டபத்துச் சாவி அவர் பையில் இருக்கும். கணக்குப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். காவலாளிகளின் சம்பளத்துக்கு மாதந்தோறும் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்குபவரும் அவரே.

நல்ல மனிதர். ஒரு காசுக்குக்கூடக் கணக்கு பிசகியதில்லை. ஆனால் ஒரு நாள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார்.

காசோலையில் கையெழுத்திட வேண்டிய மற்றவர் அதற்கு முன்பே வேலை மாற்றலாகி வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார். இரண்டு மாதம் சம்பளம் வராததால் காவல் நிறுவனம் தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நுழைவாயில் தடுப்புக் கம்பம் திறந்தபடியே நின்றது. அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை.

வந்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கறை இருந்ததால்தான் வந்தார்கள். ஆனால் பதினோர் ஆண்டுகளாக அவர்களிடம் யாரும் எந்த வேலையையும் ஒப்படைத்ததில்லை. ஒரு கடிதம் எழுதியதில்லை, ஒரு குத்தகையாளரிடம் பேசியதில்லை. திடீரென்று தலைமை நாற்காலியைக் காட்டினால் யார் போய் உட்காருவார்கள்?

திருவிழா நடத்தத் தெரியும்

நம்மவர்களுக்கு ஒரு காரியத்தை எடுத்து நடத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சிறிய கோயிலின் ஆண்டுத் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். உபயக்காரர் பட்டியல், போலீஸ் அனுமதி, கூடாரம், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள், மறுநாள் குப்பை அள்ளும் ஆட்கள் என்று அத்தனையும் நடக்கிறது. இவ்வளவையும் செய்பவர்களில் பலர், தங்கள் அடுக்குமாடியின் ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும் போவதில்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு என்பது என் எண்ணம். தோட்டப்புறத்தில் லயத்து வீடும் தண்ணீர்க் குழாயும் நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தன. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். மேலிடம் மனம் வைத்தால் சரியாகும். கோயில் மட்டுமே நம்முடையது. தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் பல குடும்பங்களில் தொடர்ந்தது. வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பது நம்முடையது, வெளியே இருப்பது "ஆபீஸ்காரனுடையது" என்று நினைத்துக்கொண்டோம்.

சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீடுகளில் உண்மை வேறு. நடைபாதை, மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வீட்டு உரிமையாளர்கள் அனைவருக்கும் பொதுவானவை. மின்தூக்கி நின்றால் நிற்பது நம் மின்தூக்கி. ஒன்பதாவது மாடிப் பாட்டி சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நாமும் ஒருவர்.

சட்டம் திறந்து வைத்த கதவு

தீபகற்ப மலேசியாவில் இத்தகைய குடியிருப்புகளை 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் ஆள்கிறது. 2015 ஜூன் முதல் அது நடப்பில் இருக்கிறது. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு.

நிர்வாகக் கழகத்தின் செயற்குழுவில் மூன்று முதல் பதினான்கு பேர் வரை இருக்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உரிமையாளர்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்துக்கு ஏழு நாளைக்கு முன்பே கட்டணப் பாக்கி இல்லாமல் இருந்தால்தான் வாக்களிக்க முடியும். உரிமையாளரால் வர முடியாவிட்டால், எழுத்து மூலம் ஒருவரைப் பிரதிநிதியாக அனுப்பலாம். அந்தப் படிவத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும். வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் காத்திருந்தும் பாதிப் பேர் சேராவிட்டால், வந்தவர்களை வைத்தே கூட்டம் நடக்கும். முந்நூறு வீடுகளின் பணத்தைப் பற்றி முப்பது பேர் முடிவெடுப்பது இப்படித்தான்.

இன்னொரு விதியும் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளை ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் வகிக்கக் கூடாது. "நல்லா செய்யறவரை எதுக்கு இறக்கணும்?" என்று பலர் இதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த விதி இதுதான். அடுத்த ஆளைத் தேடு என்று சட்டமே நம் முதுகில் தட்டுகிறது.

தேடாவிட்டால் என்ன ஆகும்? குழு அமையாமல் நிர்வாகம் முடங்கினால், கட்டட ஆணையர் ஒரு நிர்வாக முகவரை நியமிக்கலாம். செலவு நம்முடையதுதான். முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் நாம் இருக்க மாட்டோம்.

இந்நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்த முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசுகள் நியமிக்கின்றன. ஆகவே, ஒரு சாதாரணக் குடும்பம் தன் வாசலுக்கு வெளியே இருக்கும் பொது இடத்தைப் பற்றி நேரடியாக வாக்களிக்கும் வாய்ப்பு, இந்த ஆண்டுக் கூட்டத்திலும் குடியிருப்பாளர் சங்கத்திலும்தான் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் காப்பிக்கடையில் புலம்புவது மட்டுமே மிஞ்சும்.

பதினைந்து நிமிடப் பொறுமை

இப்போது நான் குடியிருப்பது பன்னிரண்டு மாடிக் கட்டடம். இரண்டு மின்தூக்கிகள். மூவினத்தாரும் கலந்து வாழும் இடம். சில ஆண்டுகளுக்கு முன் செயலாளர் பொறுப்புக்கு ஓர் அக்கா வந்தார். முதல் கூட்டத்திலேயே இப்படிச் சொன்னார்: "நான் இந்த நாற்காலியில ரெண்டு தவணைதான். அதுக்கப்புறம் இந்த வேலையைப் பார்க்கப் போறவங்க இப்பவே என் பக்கத்துல உட்காரணும்."

அடுத்த வாரம் எல்லா வீட்டுக் கதவின் கீழும் ஒரு துண்டுத்தாள் வந்தது. என்ன புகார் இருக்கிறது என்று அதில் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த தொழில் என்ன, மாதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டிருந்தது. அமெரிக்காவில் ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் என்ற இருவர் 1993-இல் எழுதிய நூலில் இதே வழியைத்தான் வலியுறுத்தினார்கள். ஒரு வட்டாரத்தில் என்ன இல்லை என்று பட்டியல் போடுவதற்கு முன், யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள் என்றார்கள். அக்கா அந்த நூலைப் படித்தவர் இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். எந்த அப்பா வெல்டிங் வேலை செய்கிறார், எந்த அம்மா தாதி என்று தெரிந்து வைத்துக்கொண்டு காரியம் முடித்துப் பழகியவர்.

கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "தம்பி, நீ தினமும் லிஃப்ட்லதானே ஏறி இறங்குற? நின்னா நேரத்தை எழுதி வை. எப்ப போன் பண்ணினோம், எப்ப வந்து சரிசெஞ்சாங்க, அதையும் எழுது. மத்த மாடிக்காரங்ககிட்டயும் கேட்டுக்கோ."

மூன்று மாதத்தில் மின்தூக்கி பதினொரு முறை நின்றிருந்தது. அவற்றில் ஏழு முறை, முதல் நாள் இரவில் கனமழை பெய்திருந்தது. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையின் கூரையில் கசிவு. ஒவ்வொரு முறையும் பழுதுபார்க்கக் கொடுத்த பணத்தைவிடக் குறைவான செலவில் கூரையை அடைத்தார்கள். பல ஆண்டுத் தொல்லை அதோடு பெருமளவு குறைந்தது.

அந்தக் கணக்கைக் குத்தகையாளரிடம் எடுத்துச் சொன்னது அந்த இளைஞன்தான். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அக்கா பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவனுக்கு இருபது நிமிடம் ஆனது. தடுமாறினான், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்கா வாயைத் திறக்கவில்லை. தலைமைப் பயிற்சி என்று நாம் பெரிய பெயர் வைத்துச் சொல்வது அந்தப் பதினைந்து நிமிடப் பொறுமையைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

எட்டாவது மாடியில் இன்னொரு கதை. வீட்டிலேயே தையல் வேலை செய்யும் தங்கை ஒருவர். மாடிப் பிரதிநிதியாக இருக்கச் சொன்னபோது, "எனக்கு மலாய் அவ்வளவா பேச வராதுக்கா" என்று ஒதுங்கினார். பக்கத்து வீட்டு மக்சிக்கையும் அவரோடு சேர்த்துவிட்டார் அக்கா. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் பத்து நிமிடம் தங்கள் மாடியைச் சுற்றி வர வேண்டும். பூச்சட்டித் தட்டிலோ பழைய வாளியிலோ தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை தவறாமல் பார்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

கொசுவைத் தேடிப் போனவர்கள் மனிதர்களையும் தெரிந்துகொண்டார்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்கள் எல்லாரும் அடம்பிடிப்பவர்கள் என்றுதான் குழுவில் பேச்சு இருந்தது. அந்தத் தங்கை கொண்டுவந்த செய்தி வேறு. ஒருவருக்கு வேலை போய்விட்டது. இன்னொரு வீடு காலமான அப்பாவின் பெயரிலேயே கிடந்தது. கடிதம் எல்லாம் அவர் பெயருக்கே வந்ததால் பிள்ளைகள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தவணை முறையில் கட்ட வழி செய்தபோது சிலர் கட்டத் தொடங்கினார்கள். பாக்கியை முடித்தவர்களுக்கு வாக்குரிமை திரும்பியது. அடுத்த ஆண்டு அந்தத் தங்கை செயற்குழுவுக்குப் பெயர் கொடுத்தார். எளிய மலாயில் மூன்றே வாக்கியம் பேசினார். மூன்று இனத்தாரும் அவருக்குக் கை தூக்கினார்கள்.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். ஒரு மாடிப் பிரதிநிதி கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு விலகினார். படிக்கட்டுச் சுவருக்குச் சாயம் வாங்க இளைஞர்களிடம் 200 வெள்ளி கொடுத்தார்கள். அவர்கள் உட்புறச் சாயத்தை வாங்கி மழைச்சாரல் படும் சுவரில் அடித்துவிட்டார்கள். நான்கு மாதத்தில் உரிந்துவிட்டது. குழுவில் சிலர் கோபப்பட்டார்கள். அக்கா சொன்ன பதில் இதுதான்: "இருநூறு வெள்ளியில கத்துக்கிட்டாங்க. நாளைக்கு இருபதாயிரம் வெள்ளி வேலைக்குக் கையெழுத்துப் போடும்போது டப்பாவைப் படிச்சிட்டுப் போடுவாங்க."

பினாங்கு காட்டிய வழி

உரிமையாளர்கள் இருக்கும் இடத்தில் சரி, வாடகைக்கு விடப்பட்ட அரசாங்க அடுக்குமாடியில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் வழி உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள ஊராட்சி மன்றங்களோடு சேர்ந்து 2012-இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் ஆகிய இரண்டு மக்கள் வீடமைப்புக் குடியிருப்புகளில் அது முதலில் நடந்தது.

முதலில் அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு ஆண்கள், பெண்கள், முதியவர்கள், இளையோர், உடற்குறையுள்ளோர் என்று தனித்தனிக் குழுக்களாக உட்கார வைத்துப் பேசினார்கள். குடியிருப்புக்கு எது முதலில் வேண்டும் என்பதைக் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள்.

தனித்தனியாகப் பேச வைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லாரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தால், உரத்த குரல் உள்ள நான்கு ஆண்கள் பேசி முடித்துவிடுவார்கள். நடைபாதை இருட்டாக இருப்பதால் இரவுப் பணி முடிந்து வரும் பெண் பயப்படுவது அங்கே வெளிவராது. வெளிவராத தேவை பட்டியலில் ஏறாது. பேசாத பெண்ணைத் தலைவியாக்க யாருக்கும் தோன்றவும் தோன்றாது.

எங்கிருந்து தொடங்குவது?

இளம் வாசகர்கள் பலர் என்னிடம் கேட்பது நேரத்தைப் பற்றித்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வருகிறோம், எங்களால் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். அவர்களுக்கும், ஏற்கெனவே பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, வேலையைச் சிறியதாக வெட்டுங்கள். முடிவு நாளையும் சொல்லுங்கள். "சங்கத்துக்கு வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். "மூன்று மாதத்துக்கு இந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் வருவார்கள்.

இரண்டாவது, வேலையோடு அதிகாரத்தையும் கொடுங்கள். நாற்காலி அடுக்க மட்டும் இளைஞர்களைக் கூப்பிட்டால் இரண்டு முறை வருவார்கள், மூன்றாம் முறை காணாமல் போவார்கள். ஒரு சிறு தொகையைக் கொடுத்து, அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர்களையே முடிவெடுக்க விடுங்கள். கணக்கை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்.

மூன்றாவது, எந்த வேலைக்கும் இருவரை வையுங்கள். முடிந்தால் இரு மொழிக்காரர்களை, இரு வயதுக்காரர்களை. நம்மவர் பிரச்சினையை மட்டும் பேசுபவர் நம் பிரதிநிதியாக இருக்கலாம், கட்டடத்தின் தலைவராக முடியாது.

நான்காவது, தலையில் இருப்பதைத் தாளில் எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவு, எந்தக் குத்தகை எப்போது முடிகிறது, சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு கோப்பு வேண்டும். புலனக் குழுவில் அனுப்பிய செய்தி இரண்டு மாதத்தில் புதைந்துபோகும்.

தரை வீடுகள் உள்ள தாமானில் இருப்பவர்கள் ருக்குன் தெத்தாங்காவைப் பாருங்கள். 1975-இல் இரவுக் காவலுக்காகத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, இன்று அண்டை வீட்டார் ஒன்றுகூடும் பல நடவடிக்கைகளை நடத்துகிறது. தன்னார்வலராகச் சேர்ந்து, ஒரு கோத்தோங் ரோயோங்கின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்பது நல்ல தொடக்கம்.

கடைசியாக, பொறுப்பில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் இல்லாமல் ஒரு மாதம் உங்கள் குடியிருப்பு ஓடுமா என்று சோதித்துப் பாருங்கள். விடுமுறை எடுத்து ஊருக்குப் போங்கள். கைப்பேசியைத் தொடாதீர்கள். திரும்பி வரும்போது எதெது நின்றுபோயிருக்கிறதோ, அதுவெல்லாம் நீங்கள் இன்னும் யாருக்கும் சொல்லித் தராத வேலை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.